அப்பாவும் அன்டன் மாமாவும் பங்குபோட்ட கப்சூல்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த வினோஜா அக்காவுக்கு,

சுதாஜினி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கர்க்லாண்டில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாயிருக்க வேண்டும். நடந்ததை எல்லாம் இதில் உண்மையாகவே எழுதப்போகிறேன். சனிக்கிழமை முழங்கால்களைப் பற்றி விசாரிக்க வருமுன் தயவுசெய்து வாசித்துவிடுங்கள்.

அந்தச் சீன வேர் மூட்டுநோவுக்கு உண்மையாகவே உதவுமா என்று ஆராய்வதற்காக அப்பாவுக்கும் மேல்மாடி அன்டன் மாமாவுக்கும் ஆளுக்கொரு போத்தல் கப்சூல் தந்தீர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் அரிசிமா, யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியாது என்றீர்கள். எனக்கு அது மிக அழகான முறையாகத் தெரிந்தது. அப்பாவுக்கு அநியாயமாகத் தெரிந்தது. நீங்கள் படியிறங்கியதும் அவர், "அன்டன், நான் மருந்தை விழுங்க நீ மாவை விழுங்கினா, பேந்து உன்ரை முகத்தை எப்பிடிப் பார்க்கிறது?" என்றார். "எனக்கு மருந்து வந்திருந்தா நான் உன்ரை முகத்தைச் சந்தோசமாப் பார்ப்பன்" என்றார் அன்டன் மாமா. பிறகு இருவரும் பெரிய சில்வர் தட்டில் இரண்டு போத்தலையும் கொட்டி, கையால் கிளறி, சரிபாதியாகப் பங்குபோட்டார்கள். அப்பா, இதாலை ஆராய்ச்சி பிழைச்சுப் போகும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "வருத்தம் ரெண்டு பேருக்கும், மருந்து ஒருத்தனுக்கோ? இதுதான் உங்கடை விஞ்ஞானமோ?" என்று கேட்டார் அப்பா. "பிள்ளை நல்லாப் படிக்குது, முழங்கால் நோதான் தெரியாது" என்றார் மாமா.

இப்போது பயங்கரம் என்னவென்றால், இருவருக்கும் நோ குறைந்துவிட்டது. அப்பா மெட்ரோவில் மின்படியை விட்டுவிட்டுச் சாதாரணப் படியால் ஏறுகிறார், ஏறி நின்று மற்றவர்களைப் பார்க்கிறார். சனிக்கிழமை ரெண்டு பேரும் நல்ல சுகமெண்டுதான் சொல்லப்போயினம், நீங்களும் அதை நம்பி எழுதிப்போடுவியள், மாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசமில்லை எண்டு முடிவு வரும், நல்ல வேராயிருந்தாலும் தூக்கி எறிஞ்சுபோடுவினம், உங்கடை இத்தனை வருசப் படிப்பும் எங்கடை சாப்பாட்டு மேசையிலை நாசமாப் போயிடும். அதனால் அக்கா, இவர்கள் இருவரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அப்பாவை ஏசவும் வேண்டாம். சிநேகிதனை ஏமாற்றக்கூடாது என்றுதான் செய்தார்.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ஆராய்ச்சியை ஆண்டவன் எங்களிடமிருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சுதாஜினி

பி.கு.: அம்மா இதை வாசித்தா. இரண்டு போத்தலும் எங்கள் குசினியில்தான் இருந்தன. பங்குபோட்ட அன்றைக்கே அவ கப்சூல் எல்லாவற்றையும் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, வெந்தயத்தூள் நிரப்பி வைத்தாவாம். "என்ன வேரெண்டு தெரியாமல் பிரஷர் குளிசையோடை குடுக்கேலுமே?" என்கிறா. ஆகவே மருந்தைப் பற்றி நான் மேலே எழுதியது ஒன்றும் உண்மையில்லை. இருவரும் விழுங்கியது வெந்தயம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாமாம், சொன்னால் நோ திரும்பி வந்துவிடுமாம். அப்படியென்றால் சனிக்கிழமை நான் உங்களுக்கு எதை உண்மை என்று சொல்வது என்று கேட்டேன். "எழுதினது காணும், இனிப் படு" என்று அம்மா லைட்டை நூத்துவிட்டா.