பதினோரு சாவுக்குப் பாடிய காதல் ரிக்கார்டு

மேனாம்பேடு, அம்பத்தூர்,
6-2-1974

கப்பலில் இருக்கும் மச்சான் டேவிட்டுக்கு,

கடலையும் கரையையும் உண்டாக்கினவர் நீ கரையேறுமட்டும் உன்னைக் காப்பாராக. இங்கே நானும் உன் அக்கா ஹில்டாவும் உன் மருமகள் ஞானகுமாரியும் சுகம். உன் சுகத்தையும் முறைப்படி விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். இப்போது இருக்கிற கோபத்தில் என் கை அதற்கு மேல் எழுத மாட்டேன் என்கிறது. பனாமாவிலிருந்து நீ அனுப்பிய ரிக்கார்டால், போன ஞாயிற்றுக்கிழமை உன் மருமகள் கல்யாணம் முறிந்துபோக இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படித்துவிட்டு வெட்கப்படு.

ரிக்கார்டு போன ஜூன் மாதம் உன் கூட்டாளி, அந்த ராயபுரத்து ஆள் கையில் வந்து சேர்ந்தது. கூடவே நீ எழுதிய சீட்டு. அதை அப்படியே கீழே எழுதுகிறேன், நீ எழுதியதை நீயே ஒரு தடவை படித்துப் பார். 'அத்தான், இந்த மனுஷர் இந்தத் தீவுப் பக்கமெல்லாம் ரொம்பப் பேர் போனவர். மேளத்தைத் தட்டி ஊரையே ஆட வைப்பதுதான் இவர் வேலை. ஆனால் நடுநடுவே காதல் பாட்டும் பாடியிருக்கிறார். பல வருஷமாகப் பாடியதில் அந்தப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி இந்த ஒரே ரிக்கார்டில் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டும் காதல். ஸ்பானிஷ் பாஷை, புரியாவிட்டால் பரவாயில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.' ஏனப்பா, இது ஒரு மச்சான் எழுதுகிற எழுத்தா? எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, ரிட்டையர் ஆன ஹெட்கிளார்க்கு, சபைக் கமிட்டிச் செயலாளர், வீட்டில் இருபத்து மூன்று வயசுப் பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள். இந்தச் சீட்டு நாலு பேர் கண்ணில் பட்டால் என்ன ஆகும். உடனே மடித்துப் பெரிய பைபிளில் லேவியராகமத்துக்குள் வைத்துவிட்டேன். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் லேவியராகமத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. அடுத்து அந்த அட்டை. மீசை வைத்த ஆள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து நிற்கிறான், அதுவரைக்கும் சரி, மரியாதையாகத்தான் இருக்கிறது. மூலையில் ஒரு பெண்பிள்ளை, தோள்பட்டையில் துணி இல்லை. பழைய சபைக் காலண்டரில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, அதை வெட்டி மைதா பசை தடவி அவள் மேல் ஒட்டினேன். இப்போது பார்த்தால் ஒரு பக்திமான் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தது. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது. தினம் மத்தியானம் மூன்று மணிக்கு உன் அக்கா அதைப் போட்டுவிட்டு அரிசி பொறுக்க உட்கார்ந்துவிடுவாள். நான் கூடத்துக்கு இந்தப் பக்கம் பேப்பர் படிப்பேன். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பாட்டு இருக்கிறது, அதில் அந்த ஆள் குரல் நடுவில் தழுதழுத்து அப்படியே நின்றுபோகும், திரும்ப மூச்சு வாங்கி ஆரம்பிப்பான். நான் கவனித்துக் கேட்டதில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் அந்த இடத்தில் நம் தெரு ரேடியோ செட் வீராசாமி எட்டிப் பார்த்தான். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, மேனாம்பேட்டில் எதுவானாலும் புனல் ஸ்பீக்கர் கட்டுகிறவன் அவன்தான். "இன்னா நைனா, யார்னா பூட்டாங்களா? இந்தாளு இம்மாம் அயுதுகினு கீறாரே" என்றான். பெண் பக்கத்தில் நிற்கிறாள். காதல் என்கிற வார்த்தையை நான் எப்படி வாயால் சொல்வேன். "பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள், அதற்காக அழுகிறான்" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு பொய் டேவிட். அதுவும் உன்னால் சொன்ன பொய்.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் காலமானார். நீயும் பார்த்திருக்கிறாய், மாடு வைத்திருந்தவர், வேம்புலியம்மாள் புருஷன். வீராசாமியிடம் இருந்த ஒரே சாவு ரிக்கார்டு கீறல் விழுந்து 'ஐயோ ஐயோ'விலேயே நின்றுவிட்டது, ஒரு மணி நேரம் அதே ஐயோ. ஓடி வந்து, "நைனா, அந்தப் பொண்டாட்டி செத்த பாட்டக் குடு, ஆத்தர அவசரம்" என்று கேட்டான். சாவு வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா, கொடுத்தேன். மரத்து மேல் கட்டின ஸ்பீக்கரில் அந்த ஆள் குரல் தழுதழுத்து நின்றதும் தெருவே உடைந்துபோயிற்று. கன்னியப்பனோடு எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத ஜானகிராமன்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து பிடித்தது சனி. எந்தச் சாவாக இருந்தாலும் அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்றார்கள். ஐயப்பன்தாங்கலில் இருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் முடிவதற்குள் பதினோரு பேரை அந்த மீசைக்காரன் வழியனுப்பி வைத்தான். கடைசியில் எப்படி ஆயிற்று என்றால், அந்தப் பாட்டு காதில் விழுந்தால் மேனாம்பேட்டில் அடுப்பை அணைத்துவிட்டு மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். எந்த வீடு என்றுகூடக் கேட்பதில்லை, சத்தம் வருகிற பக்கம் போவார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஞானகுமாரியைப் பார்த்துப் பேசி முடிக்க நெமிலிச்சேரியில் இருந்து வந்தார்கள். பையன் ஆவடி பாக்டரியில் டர்னர், நல்ல பையன். தாயார் சொர்ணம் அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர், சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். இதற்கு முன் வந்த மூன்று இடம் தட்டிப்போயிற்று என்று உனக்குத் தெரியும். மூன்றாவது இடம் போன அன்றைக்கு ஞானகுமாரி கொல்லைப்புறத்தில் துவைத்த துணியையே இரண்டு வாளி திரும்பத் துவைத்தாள். அதை நான் இன்னொரு தடவை பார்க்க முடியாது, அதனால் இந்த இடம் தட்டவே கூடாது என்று மூன்று நாள் உபவாசம் இருந்தேன். வாசலில் பந்தல், வீராசாமியின் ஸ்பீக்கர், கீர்த்தனை ரிக்கார்டு, எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். போகும்போது உன் அக்கா, "என் தம்பி அனுப்பினதையும் போடலாமே" என்றாள். "வாயை மூடு" என்றேன். அவள் மூடினாள். கையைத்தான் நான் கட்டிவைக்கவில்லை.

சொர்ணம் அம்மாளையும் பையனையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனில் இருந்து நடந்து வருகிறேன். பாதி வழியில் கேட்கிறது, டேவிட், இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு. பூக்கடையில் ஒரே கூட்டம். எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் ஆறு பேர், மாலையும் கையுமாக என் வீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். எதிர்வீட்டுப் பூங்காவனம் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினவள், திரும்பிப் பார்த்தாள், நின்றாள். "நைனா, நீ உயிரோடவா கீறே?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். சொர்ணம் அம்மாள் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். "ஆமாம், சபையில் பாடுகிறவர்கள்" என்றேன். இரண்டாவது பொய், அதுவும் உன் கணக்கில்தான்.

வீட்டு வாசலுக்கு வந்தால் பந்தலுக்கு அடியில் எனக்கு ஒப்பாரி நடக்கிறது. வேம்புலியம்மாள் நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரு சாவுக்குப் பாட்டுக் குடுத்த மவராசனே" என்று பாடுகிறாள். ஜானகிராமன், "ஆளு கொஞ்சம் சிடுசிடுப்புதான், ஆனா நல்ல மனுசன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் ஒப்பாரி பாதியில் அறுந்தது. ஸ்பீக்கரில் அவன் மட்டும் பாடுகிறான். வீராசாமி ஒயர் வாங்கப் போன நேரம் பார்த்து உன் அக்கா ரிக்கார்டை மாற்றியிருக்கிறாள். செட்டுக்குப் பக்கத்திலேயே பட்டுப் புடவையோடு நிற்கிறாள், முகத்தில் ஒரு பயமும் இல்லை. யாரும் சாகவில்லை என்று அவள் சொன்னது ஸ்பீக்கர் சத்தத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லையாம்.

சொர்ணம் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "இது என்ன பாட்டு?" என்றார். என் நிலைமையை யோசித்துப் பார். சாவுப் பாட்டு என்றால், நிச்சயதார்த்தத்தில் சாவுப் பாட்டுப் போட்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள். காதல் பாட்டு என்றால், பதினோரு வீட்டு ஜனம் மாலையோடு எதிரில் நிற்கிறது, அவர்கள் அப்பனையும் ஆத்தாளையும் நான் காதல் பாட்டுப் போட்டு அனுப்பிவைத்தேன் என்று தெரிந்தால் அந்த மாலைகளுக்கு அன்றைக்கே வேலை வந்துவிடும். "அது ஒரு அயல்நாட்டுக் கீர்த்தனை" என்றேன். அவர் செட்டுக்குப் பக்கத்தில் கிடந்த ரிக்கார்டு அட்டையைக் கையில் எடுத்தார். காப்பி டம்ளர் பிடித்த ஈரக் கை, ஆட்டுக்குட்டி அவர் கட்டை விரலோடு வந்துவிட்டது. கீழே தோள்பட்டை. அப்போது உன் மருமகள், தலை குனிந்து நிற்க வேண்டிய கல்யாணப் பெண், மெதுவாகக் கேட்கிறாள்: "அப்பா, லேவியராகமத்துல இருக்கிற சீட்டை எடுத்துட்டு வரட்டுமா?"

வீட்டில் எல்லாரும் படித்திருக்கிறார்கள் டேவிட். நான் ஒருத்தன்தான் ஒளித்துவைத்திருக்கிறேன்.

கொண்டு வந்தாள், எல்லார் முன்னாலும் படித்தாள், 'அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு' வரைக்கும் ஒரு எழுத்து விடாமல். என் மானம் கப்பலேறியது. உன் கப்பலில் எங்காவது தென்பட்டால் பத்திரமாக எடுத்து வை. நான் கையைக் கூப்பிக்கொண்டு, "மன்னித்துவிடுங்கள், பொய் சொன்னேன், பதினோரு பேரும் காதல் பாட்டில்தான் போனார்கள், இதில் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை" என்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். வேம்புலியம்மாள் எழுந்தாள். கிட்டே வந்தாள்.

"மெய்யாலுமே காதல் பாட்டா நைனா?" என்றாள்.

"ஆமாம்."

"நாப்பது வருசம் குடும்பம் பண்ணேன். சோறு ஆச்சா, சட்ட எங்க, இத்த வுட்டா அந்தாளு வாயில எனுக்குன்னு ஒரு வார்த்த வந்ததில்ல. போம்போதுனாச்சும் காதல் பாட்டு பாடிகினு பூட்டாரே, அது போதும். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு தபா போடச் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த மாலையை என் கழுத்தில் போட்டாள். "வாங்கினு வந்துட்டேன், வீணா பூடும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் வருகிற ஆனியோடு இருபத்தேழு வருஷம் ஆகிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சொர்ணம் அம்மாள் ஆட்டுக்குட்டியை விரலில் இருந்து உரித்து மேஜை மேல் வைத்தார். மாலைகளை எண்ணினார், பதின்மூன்று. "எங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு மொத்தம் நாலு மாலைதான் வந்தது. இங்க ஆள் சாகறதுக்கு முன்னாடியே பதிமூணு. இப்படி ஓடி வர்ற ஜனத்துக்கு நடுவுல வளர்ந்த பொண்ணு எனக்குப் போதும்" என்றார். பிறகு உன் அக்காவைப் பார்த்து, "அந்தப் பாட்டை முதல்ல இருந்து போடுங்க, சரியாக் கேக்கல" என்றார். மாப்பிள்ளைப் பையன் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து ஞானகுமாரியைப் பார்த்தான், அவள் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் மே மாதம் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை.

ஆனாலும் நடந்தது நடந்ததுதான், உன் குற்றம் குற்றம்தான். ரிக்கார்டை இந்தக் கடிதத்தோடு பார்சல் கட்டித் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் பாட்டு என்று எதையும் என் வீட்டுக்கு அனுப்பாதே, காதலைப் பற்றி எனக்குச் சீட்டும் எழுதாதே. தாய்மாமனாக வந்து நில், வெறுங்கையோடு வா. புயலும் பாறையும் உன் பக்கம் வராமல், உன்னைப் படைத்தவர் உன்னை மே மாதத்துக்குள் எங்கள் வாசலில் இறக்கிவிடுவாராக. அக்கா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள், ஞானகுமாரி முத்தம் சொல்லச் சொன்னாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
வே. வேதமுத்து

பின்குறிப்பு: பார்சல் கட்டவில்லை. மூன்று மணிக்கு வேம்புலியம்மாள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அவளிடம் என்ன சொல்வது. பேப்பரும் இப்போது கூடத்துக்கு அந்தப் பக்கம், உன் அக்கா உட்காருகிற பெஞ்சில்தான் படிக்கிறேன், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது அந்த ஆள் மேளம் தட்டிப் பாடிய ரிக்கார்டு ஒன்று கிடைத்தால் வாங்கி வா. இன்னொன்று, என் அடக்கத்தன்றைக்கு இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டுத்தான் போட வேண்டும் என்று வீராசாமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். யாருக்காகப் பாடுவது என்றும் சொல்லிவிட்டேன். உன் அக்காவிடம் நீ வாயைத் திறக்காதே. இதற்குப் பதில் எழுதினால் தனிச் சீட்டில் எழுது, அதே பைபிளில் எண்ணாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். அவள் அதையும் எடுத்துப் படிப்பாள், படிக்கட்டும்.