பெட்டி நெற்றியில் ஒரு பேர்

இன்றைக்கு மனைவியின் பேச்சுக்கு மடங்குவதில்லை என்று பேணாட் தீர்மானித்தார். பல் விளக்கும்போது தீர்மானித்தார். முகம் துடைக்கும்போது உறுதிப்படுத்தினார். மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் தளர்ந்தார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை. ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்பார். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் மனைவி ஞானமலர் வெள்ளைப் பெயின்றால் 'அருள்மலர்' என்று எழுதுவாள். அருள்மலர் அவர்களுடைய ஒரே பிள்ளை. கோயிலில் பாடுகிறவள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் பேணாட் முதல் பெட்டியைச் செய்தார். வெள்ளைக்காரனுடைய நேவி ஊரை விட்டுப் போகும்போது ஏலத்தில் விட்ட ஸ்பீக்கர்களை வாங்கித் தேக்குப் பலகைக்குள் பூட்டினார். சத்தம் கணீரென்று வந்தது. இறக்கக்கண்டியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் சனம் அருள்மலர் கேட்டு வந்தது.

பிறகு இறக்குமதி நிறுத்தின காலம் வந்தது. நேவிச் சாமானும் முடிந்தது. பழுதான ரேடியோக்களில் கழற்றின சின்ன ஸ்பீக்கர், தேயிலைப் பெட்டிப் பலகை என்று பெட்டியே மாறிவிட்டது. பேர் மட்டும் மாறவில்லை.

"இஞ்சருங்கோ, பெட்டியை மாத்திப்போட்டியள். பேரையும் மாத்துங்கோ" என்றாள் ஞானமலர்.

"மனுசர் மெலிஞ்சா பேரை மாத்துறவையோ?"

"இது மெலிஞ்சதில்லை. இது வேற ஆள். சந்தையில ஒரு மனுசி சொல்லுறா, அருள்மலருக்குத் தொண்டை கட்டிப்போச்சாம். மற்றவ சொல்லுறா, அருள்மலரைத் தூக்கிக் கடலில போடோணுமாம். நான் மீன் வாங்காமலே வந்திட்டன்."

பேணாட் தரையைப் பார்த்தார். "பெரிய கம்பனிக்காரரும் உள்ளுக்க எல்லாத்தையும் மாத்திப்போட்டுப் பழைய பேரிலதானே விக்கிறாங்கள்."

"அது அவங்கட பிள்ளையின்ர பேரில்லை."

"மாத்த ஏலாது, ஞானம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பேரை எடுத்தா, இந்த ஊரில ஆர் அவளின்ர பேரைச் சொல்லப்போகினம்?"

ஞானமலர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி" என்றாள்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து பேணாட்டுக்கு இவ்வளவு சுகமாக ஒரு வெற்றி கிடைத்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

கிண்ணியாவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் லாபிர் ஒரு பெட்டி கேட்டிருந்தார். ஞானமலர் அதைப் பழைய சீலையால் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். "பெயின்ற் இப்பதான் காய்ஞ்சது. தூசி படாம அங்க போய் அவிழுங்கோ."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். துறையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி அக்கரை சேர்ந்தார். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். சீலையை அவிழ்த்தார். நெற்றியில் முத்து முத்தான எழுத்தில் 'பேணாட்' என்று இருந்தது.

"உங்கட பேரையே போட்டுட்டீங்களே, அண்ணன்" என்றார் லாபிர். "அப்ப நம்பி வாங்கலாம்."

பேணாட் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

மறு கிழமை பக்கத்து வீட்டு ஆனந்தராசா துறைமுக வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, கிண்ணியாவுக்குப் போனனான். பேணாட் கரகரக்குதாம். தலையில ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் வாய் திறக்குதாம். பேணாட்டை வெயிலில காயவைச்சுப் பாத்தும் சரிவரேல்லை எண்டு லாபிர் சொல்லுறார்."

பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். பேணாட் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஊர் சிரிக்குது, ஞானம்."

"கேக்க நோகுதோ?"

"நோகாதோ?"

"நீங்கள் உயிரோட இருக்கிறியள். திருப்பி ஒரு கதை சொல்லலாம். அவளால ஏலாது."

பேணாட் கதிரையில் இருந்தார். "அப்ப இனி ஒருத்தரும் அவளின்ர பேரைச் சொல்ல மாட்டினம்" என்றார்.

"நீங்கள் சொல்லுங்கோவன்." அவள் குரலில் கோபம் இல்லை. "அவள் போனதிலயிருந்து இந்த வீட்டுக்குள்ள ஒருக்காலாவது சொன்னனீங்களோ? பெட்டிக்கு வைச்சியள். ஊரைச் சொல்ல விட்டியள். நான் தனிய குசினிக்குள்ள நிண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

அது உண்மைதான். சனத்தின் வாயில் அந்தப் பேரைக் கேட்டு ஆறியிருந்த மனிதர் அவர். தன் வாயால் சொன்னால் பிள்ளை போனது நிச்சயமாகிவிடும் என்று பயந்திருந்தார்.

வாயைத் திறந்தார். பாதிதான் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி தொடங்கினார்.

"அருள்மலர்."

ஞானமலர் வந்து அவர் காலடியில் இருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். சட்டியில் சோறு அடிப்பிடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

கடைசியில் அவள்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"சரி, வெளிக்கிடுங்கோ. பின்னேரப் பாதையைப் பிடிச்சுப் போய் அந்தப் பேணாட்டைத் திருத்திப்போட்டு வாங்கோ. என்னாலதான் இஞ்ச இருக்கிற ஆளைத் திருத்த ஏலாமக் கிடக்கு."