என் வயிற்றுக்கு எர்ரர் போட்டவர்

தாம்பரத்துக்குத் தெற்கே டவுட்டு அண்ணாத்தயைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. இனி பிறக்கப்போவதும் இல்லை. தினமும் ஊரப்பாக்கத்தில் இறங்குகிற மனிதர், தினமும் ரயிலில் மூன்று பேரிடம், "இது ஊரப்பாக்கத்துல நிக்குமா?" என்று கேட்பார். மூவரும் நிற்கும் என்று சொல்லிவிட்டால், மூவரும் கூட்டு என்று நாலாவது ஆளைத் தேடுவார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு மாடியில் எங்கள் மெடிக்கல் கோடிங் ஆபீஸ். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகள் வரும். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய எண்ணை நாங்கள் போடவேண்டும். கணையம் திடீரென்று வீங்கினால் 577.0, நாள்பட்ட வீக்கம் என்றால் 577.1. நாங்கள் போட்டதைச் சரிபார்த்து எர்ரர் குறிப்பது அண்ணாத்தயின் வேலை. சும்மாவே ஆடுகிறவர் காலில் சலங்கையும் கட்டிவிட்டது கம்பெனி.

"நாள்பட்டதுனு எழுதிக்கிறான். எத்தினி நாளு? எவன் எண்ணுனான்? தூக்கத்துல எழுதிக்கிறான் நைனா!" என்று சார்ட்டைத் திருப்பி என் மேஜையிலேயே போடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு மேல்வயிற்றில் வலி பிடுங்கியது. ஊர் நோய்க்கெல்லாம் எண் போடுகிற திமிரில், "கேஸ்டிரைட்டிஸ்தான் அண்ணாத்த. மோர் குடிச்சா சரியாயிடும்" என்றேன்.

"வலி முதுகாண்ட ஓடுதா?"

"ஓடுது."

"முன்னால குனிஞ்சா தேவலையா கீதா?"

"ஆமா."

"எர்ரர்! உன் வவுத்துக்கே தப்பா கோடு போட்டுகினு கீற. எய்ந்திரு!"

ஆட்டோவில் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நேராகப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே, சுற்றுவழியில் போகிறாயா என்று டிரைவரோடு சண்டை வேறு.

ரத்தப் பரிசோதனை கணைய வீக்கம் என்றது. கணையம் வீங்கினால் முதல் சந்தேகம் குடிமேல்தான். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

செய்தி கேட்டு ஓடிவந்திருந்த என் மனைவி மெதுவாக, "நேத்து ஆபீஸ் ஆளுங்களோட மாமல்லபுரம் போனாரு டாக்டர்" என்றாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான். அப்பாவின் குடியைப் பார்த்தே வளர்ந்தவள். நான் குடிக்காதவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கட்டிக்கொண்டவள். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை வயிற்று வலியைவிடக் கொடுமையாக இருந்தது.

அண்ணாத்த திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டாக்டர், நேத்து இவன் டம்ளரை நாலு தபா மோந்து பாத்தேன். பன்னீர் சோடா. அப்பவும் மனசு கேக்கல, ஒரு வாய் குடிச்சும் பாத்துட்டேன். மத்தவனுங்கள வுடுங்க, இவன் குடிக்கல. பித்தப்பையில கல்லு இருந்தாலும் இப்டி வீங்கும், கீதானு பாருங்க."

ஸ்கேனில் கல் இருந்தது. மனைவி அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். அண்ணாத்தயோ, ரிப்போர்ட்டில் இருப்பது என் பெயர்தானா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று வீட்டிலும் வேலையிலும் எல்லோரும் என்னை நம்புகிறார்கள். அண்ணாத்தயைப் போல அவ்வளவு அக்கறையாக என்னைச் சந்தேகப்பட ஒருத்தரும் இல்லை. அதுதான் எனக்குக் குறை.