மாதிரி போதவில்லை

பட்டாணி உரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் தோல் குவிந்து அழுகிக்கொண்டிருக்கும். என் தங்கை தினமும் இரண்டு மூட்டை அள்ளி வந்து தன் பசுவுக்குப் போடுவாள். வெறும் வைக்கோலுக்கு மூன்று லிட்டர் கறந்த பசு, பட்டாணித் தோலுக்கு ஆறேகால் லிட்டர் கறந்தது. இருபத்திரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இருபத்துமூன்றாம் நாள் தீவன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விளைபொருட் கழிவைத் தீவனமாக்கும் முயற்சியை அலுவலகம் மிக்க மகிழ்ச்சியோடு ஊக்குவிக்கிறதாம். ஆகவே சான்றிதழ் பெறும்வரை அவள் அதைச் செய்யக் கூடாதாம். பரிசோதனைக்குப் பத்து கிலோ மாதிரி தர வேண்டுமாம்.

தந்தாள். ஒரு வாரத்தில் பதில்: "மாதிரி போதவில்லை." மறுபடி பத்து கிலோ, மறுபடி அதே பதில். பசு மூன்று லிட்டருக்கே இறங்கிவிட்டது.

மூன்றாம் முறை மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அலுவலகத்தின் பின்புறம் மொழுமொழுவென்று ஒரு பசு நின்றது. அதிகாரி எங்கள் மூட்டையை அதன் முன்னால் கொட்டினார். பதினேழு நிமிடத்தில் தரை துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தீங்களா சார், எவ்வளவு ஆசையாத் தின்னுது! சான்றிதழ் குடுத்துடுங்க" என்றாள் தங்கை.

"எப்படிம்மா குடுக்கறது? மிச்சத்தை எடை போட்டுத்தானே அறிக்கை எழுதணும்? மிச்சமே இல்லையே! மாதிரி போதலை."

"மிச்சம் வச்சா?"

"மாட்டுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம். தள்ளுபடி."

காலிச் சாக்கை மடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம்.

நான்காம் முறை போனபோது பின்புறம் காலி. 'அலுவலகப் பசு பேறுகால விடுப்பில் உள்ளது' என்று அட்டை தொங்கியது. அதன் கீழே மற்றவர்கள் மாதிரியாகக் கொண்டுவந்த நாற்பத்துமூன்று மூட்டைகள். அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றதும்மா?"

"என் மாடு சும்மாதான் நிக்குது சார். அந்த வேலைக்குச் சேத்துக்கங்க."

அவர் நிமிர்ந்தார். "முன் அனுபவம்?"

"பொறந்ததுலேர்ந்து தின்னுக்கிட்டுதான் இருக்கு."

மாலைக்குள் ஆணை வந்துவிட்டது. பசுவுக்குத் தற்காலிகப் பணி; வீட்டிலிருந்தே செய்யலாம். தங்கை பரிசோதனைக் கண்காணிப்பாளர்.

இப்போது அவள் வாசலில் நாளுக்குச் சராசரி ஒன்பது மூட்டை இறங்குகிறது. பசு எட்டரை லிட்டர் கறக்கிறது. பட்டாணித் தோலுக்குச் சான்றிதழ் வாங்கும் யோசனையையே அவள் விட்டுவிட்டாள்.

என்னிடம் இரண்டு ஆடுகள் உண்டு. போன திங்கட்கிழமை அவற்றின் தீவனத்துக்குச் சான்றிதழ் வாங்க மக்காச்சோள உறை பத்து கிலோ கட்டிக்கொண்டு, நம் தங்கைதானே என்று போனேன். பசு ஒரு நார்கூட விடாமல் தின்றது. தங்கை கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மாதிரி போதலை."

நாளை மறுபடி போகிறேன். பதினொரு கிலோவாகக் கட்டியிருக்கிறேன். ஒரு கிலோ, உடன்பிறந்தவள் என்பதற்காக.