லேபிள் காகிதத்தின் மேல் ஃபுட்நோட்டு சார்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் ஃபுட்நோட்டு சாரோடு சண்டை போடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பிறந்திருந்தால் பிறந்த தேதியை வைத்தே சார் சண்டையை ஆரம்பித்திருப்பார்.

ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கத்தோலிக்கர், அதிலும் பழைய பாணி. பூசை தமிழுக்கு மாறி எத்தனையோ காலம் ஆன பிறகும் லத்தீனில்தான் பதில் சொல்வார். கோயிலில் கீபோர்டு ஒலித்தால் காதில் பஞ்சை வைத்துக்கொள்வார். எல்லோரும் நின்றபடி நற்கருணை அப்பம் வாங்க, இவர் மட்டும் தொப்பென்று முழங்காலில் விழுவார். பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நிற்கும். பிரசங்கத்தின் நடுவே கையைத் தூக்கி, "சாமி, அந்த வருசம் தப்பு" என்பார். மாற்றலாகி வரும் சாமியார்கள் தண்ணீர் வசதியை விசாரிப்பதற்கு முன்னால் இவரைப் பற்றித்தான் விசாரிப்பார்களாம். இதையெல்லாம் என்னிடம் பெருமையாகச் சொன்னவரே அவர்தான்.

நான் சிவகாசியில் சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று வண்டி ஓடுகிறது. தங்கள் கோயிலின் நூறாண்டு வரலாற்றை அச்சடிக்க சார் என்னிடம் வந்தார். எழுதவே ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்ட புத்தகம். எங்கள் மெஷின் ஆப்பரேட்டர் முனியசாமிதான் அவருக்கு இந்தப் பெயர் வைத்தது. காரணம், மனுஷர் வாயால் பேசும்போதே அடிக்குறிப்பு போடுவார். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், ஆள்காட்டி விரல் தரையைப் பார்க்கும், குரல் இறங்கும்.

"நேத்து நல்ல மழை பாய்." விரல் இறங்கும். "சாத்தூர்ல. இங்கன பேஞ்சுச்சான்னு நான் பாக்கல."

எங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பள்ளிவாசல் கல்வெட்டைப் படித்துவிட்டு, ஹிஜ்ரி வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றியதில் இரண்டு வருஷம் பிசகியிருக்கிறது என்றார். ஜமாத் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு மார்க்கம் படித்த ஆலிம்சாவை உட்காரவைத்துச் சரிபார்த்தார்கள். சார் சொன்னதுதான் சரி. அதற்கப்புறம் கோபம் இரண்டு மடங்கானது.

தன் ஆதாரங்களை எல்லாம் ஒரு காலிப் பட்டாசு அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார். பஸ்ஸில் பட்டாசு ஏற்றக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் ஊதினார். சார் பெட்டியைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைக் காட்டினார்.

"உள்ள பேப்பருதான் இருக்கு. வேணும்னா படிச்சுப் பாருங்க."

"பொட்டியில வெடின்னு போட்டிருக்கே சார். செக்கிங் வந்தா நானா பதில் சொல்றது? இறங்குங்க."

பெட்டியை மாற்றச் சொன்னேன். "அட்டை கெட்டியா இருக்கு. தப்பு அவுக மேல. நான் எதுக்கு மாத்தணும்?" என்றார். அடுத்த வாரமும் வழியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்தே வந்தார், அதே பெட்டியோடு.

பாதிப் புத்தகம் அச்சாகியிருந்தபோதுதான் வினை வந்தது. கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம். பல வருஷங்களுக்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் வேலை பார்த்த பட்டாசு ஷெட் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. கோயிலின் அடக்கப் பதிவேட்டில் ஒரே தேதியில் ஏழு பெயர்கள். ஏழையும் சார் வயதோடு வரிசையாகக் கொடுத்திருந்தார். நூற்றாண்டு விழாக் கமிட்டிச் செயலாளர் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சார் இருந்த நேரம் பார்த்து அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், விழா மலர்ல சாவு எதுக்கு? அந்த ஷெட்டு கம்பெனிக்காரங்கதான் நமக்குப் புதுக் கொடிமரம் குடுத்திருக்காக. அந்தப் பக்கத்தை எடுத்துட்டு அவுக வாழ்த்து விளம்பரத்தைப் போட்டுருவோம். நடந்து எம்புட்டு வருசம் ஆச்சு, எல்லாரும் மறந்துட்டாக."

"மறந்துட்டாகன்னு யாரைக் கேட்டுச் சொல்றீக?"

"கோவப்படாதீக சார்…"

"செத்தவுகளுக்காக வேண்டணும்னு படிச்சு வளந்தவன் நான். செத்த ஆத்துமாக்க பாவம் கழியுற உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்குன்னு இன்னும் நம்புறேன். பேரு தெரியாம யாருக்குன்னு வேண்டுறது?"

"ஆண்டவருக்குத் தெரியாதா சார் அவுக பேரு?"

"ஆண்டவருக்குத் தெரியும்யா. உங்களுக்குத் தெரியணும்ல!"

சொன்னவர் விறுவிறுவென்று உள்ளே போனார். மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த காகிதக் கட்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜெபமாலையை எடுத்து லத்தீனில் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பக்கம் வரும்னு சொல்லுங்க, இறங்குறேன். அதுவரைக்கும் இந்தப் புத்தகம் ஓடாது."

முனியசாமி என் காதருகே வந்தான். "பாய், சார் உக்காந்திருக்கிறது அவுக புத்தகப் பேப்பர் இல்ல. லேபிள் ஆர்டருக்கு வந்த ஆர்ட் பேப்பர்."

"எந்தக் கம்பெனி லேபிள்?"

அவன் பெயரைச் சொன்னான். கொடிமரம் கொடுத்த அதே கம்பெனி. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டி கூட லாரி ஏறாது. சாரிடம் இரண்டு அடி தள்ளி உட்காரச் சொல்லியிருந்தால் என் வேலை நடந்திருக்கும். அவர் வீம்பு எனக்குப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். முனியசாமியும் மூடிக்கொண்டான்.

மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்தேன். மனுஷர் ஒரு பன்னும் டீயுமாக அப்படியே இருந்தார். செயலாளர் நாற்காலியில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். மூன்று மணிக்குக் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். செயலாளருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்; உள்ளே உரக்க லத்தீனில் இருந்த சார் காதில் எதுவும் விழவில்லை.

"பாய், லேபிள் என்னாச்சு? லோடு நிக்குது!"

"பேப்பர் மேல ஒரு ஆள் உக்காந்திருக்காரு சார்."

"உக்காந்திருக்காரா? என்ன வேணுமாம்?"

"கோயில் புத்தகத்துல ஒரு பக்கம் வரணுமாம்."

"ஒரு பக்கமா? யோவ், ஒம்பது பக்கம்னாலும் போட்டுத் தொலைங்கய்யா! எனக்கு ஆறு மணிக்கு லேபிள் வேணும்!"

செயலாளர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பக்கம் வரும் என்று நான் போய்ச் சொன்னதும், சார் வெற்றிவீரர் போல இறங்கி வேட்டியை உதறினார். எந்தக் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும். படித்துவிட்டு ஆதாரம் கேட்பார்.

மறுநாள் அந்தப் பக்கத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பைச் சேர்க்கச் சொன்னார். "அதே ஷெட்டில் இறந்து, எங்கள் பதிவேட்டில் இல்லாதவர்கள் நால்வர்" என்று தொடங்கியது. அந்த நால்வரும் இந்துக்கள், கோயில் பதிவேட்டில் எப்படி வருவார்கள்? ஊர் ஊராகப் பஸ் ஏறி, தெருத் தெருவாக விசாரித்து எழுதி வந்திருக்கிறார். அதற்கு மட்டும் இரண்டு வருஷம் பிடித்ததாம்.

முதல் தாள் மெஷினிலிருந்து வந்தது. மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த முனியசாமி, தாளைக் கீழே வைக்கவே இல்லை.

"சார், ஆனைக்குட்டம் பேச்சியம்மாள்னு போட்டிருக்கீகளே. அது எங்கம்மா."

சார் பக்கத்தில் வந்து தாளின் மேல் குனிந்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, "வயசு முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கேன். சரிதானாப்பா?" என்றார்.

"எனக்கு அப்ப ரெண்டு வயசு சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." முனியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஊரு ஒலகத்துப் பேரையெல்லாம் அடிச்சிருக்கேன். எங்கம்மா பேரு அச்சுல வந்து இப்பத்தான் பாக்கேன்."

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நானும் முனியசாமியும் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்தில் முழங்காலில் நின்று, ஏழு பெயர்களையும் சார் உரக்கப் படித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்ச நாலையும் படித்தார். கமிட்டி ஆட்கள் முறைத்தார்கள். அவர் பேச்சியம்மாள் பெயரை இன்னொரு முறை, இன்னும் சத்தமாகப் படித்தார்.

சாருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது, ஆனாலும் மடக்குகிறார். தினமும் தொழுகை முடித்துக் கையேந்தும்போது அந்த முரட்டு மனுஷருக்கு ஆயுசு கேட்கிறேன், அவர் பெயரைச் சொல்லியே கேட்கிறேன்.