நெழலு நைனாவும் நாலு விரல் நிழலும்

நிழலை ஜென்ம விரோதியாக வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எழுபதுகளில் அவர் திருத்தணியில், மலைக்குப் போகிற வழியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். யாரைப் பார்த்தாலும் "நைனா" என்று கூப்பிடுவார், எதைப் பேச ஆரம்பித்தாலும் நிழலில் கொண்டுபோய் முடிப்பார். அதனால் ஊரில் அவருக்கு நெழலு நைனா என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

மற்ற ஸ்டூடியோக்களில் மயிலும் அருவியும் வரைந்த திரை தொங்கும். இவரிடம் வெறும் வெள்ளைத் துணி. பொதட்டூர்பேட்டையில் சொல்லி நெய்த, ஒட்டுப்போடாத ஒரே துணி. கூரையிலிருந்து இறங்கி, சுவரும் தரையும் சேருமிடத்தில் மடியாமல் வளைந்து, தரையில் நீண்டு கிடக்கும். சுவருக்கு இரண்டு விளக்கு, முகத்துக்கு ஒன்று, தரைக்குத் தனியாக ஒன்று. ஆளைச் சுற்றி வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது. அப்படியும் காலடியில் கொஞ்சம் நிழல் எட்டிப் பார்க்கும். அதை நினைத்து அவர் சரியாகச் சாப்பிடமாட்டார்.

கிருத்திகையன்று மொட்டையும் சந்தனமுமாக மலையிறங்கி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கால் கழுவ வைப்பார். கால் காயும்வரை முக்காலியில் உட்கார வைப்பார். செருப்பைக் கழற்ற மறுத்த ஒரு லாரிக்காரருக்கு நெகட்டிவில் சிவப்பு மை பூசி நிழலை அழிக்கிற வேகத்தில் செருப்பையும் சேர்த்து அழித்துவிட்டார். "உசுரோட கீற மனுசன இப்படியா ஆவியாட்டம் ஆக்குவாங்க?" என்று அவர் சம்சாரம் படத்தை வீட்டில் மாட்ட விடவில்லை. அப்போது நானும் சிரித்தேன்.

பிறகு என் தங்கை கமலாவின் படம் அவர் கைக்குப் போயிற்று.

கமலா ஏழு வயதில் கிணற்றுப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டவள். கால் சேர்ந்துவிட்டது, நன்றாகவே நடந்தாள். ஆனால் நொண்டி என்ற பேச்சு மட்டும் போகவில்லை. இரண்டு வரன்கள் அதனாலேயே தட்டிப்போயின. மூன்றாவது அரக்கோணத்து வரன். பையனின் தாய்மாமா கிருத்திகைக்கு மலைக்கு வந்தவர், காலையிலேயே சொல்லியனுப்பினார்: "பொண்ணு நிக்கற மாரி, ரெண்டு காலும் தெரியற மாரி ஒரு போட்டோ வேணும். ஆறு மணி ரயில்ல எடுத்துகினு போறேன்." படம் திருப்தியானால்தான் பெண் பார்க்க வீட்டுக்கு வருவார்களாம்.

அம்மாவையும் கமலாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

"ஒரு மணி ஆவட்டும் நைனா. சாப்பாட்டுக்குத் தறி நிக்கும்."

பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் விசைத்தறி ஓடினால் இங்கே பல்பு மங்கி அழும். தறி நின்றதும் பளிச்சென்று எரியும். அந்த நேரத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார். சொன்னபடியே ஒரு மணிக்கு விளக்குகள் எரிந்தன, படம் எடுத்தார்.

மூன்றரைக்கு ஈரப் படத்தோடு இருட்டறையிலிருந்து வந்தார். "வந்துடுச்சு நைனா. பன்னெண்டு வருசமா தேடிகினு இருந்தது."

துளி நிழல் இல்லை. வெள்ளையில் கமலா மட்டும். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலு தரையில படவே இல்லயேங்க. பேய்க்குத்தான் அப்படின்னு சொல்வாங்க. நிக்க முடியாத பொண்ண அந்தரத்துல தொங்கவிட்டுட்டாங்கன்னு பேசுவாங்களே."

"அம்மா, மெட்ராஸ்லகூட இந்த மாரி ஒரு படம் கெடையாது" என்றார் நைனா.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துணியைக் கிழித்தே போட்டிருப்பேன். கமலாதான், "இன்னொரு தரம் நிக்கறேன் அண்ணா" என்றாள்.

அவர் அவள் காலையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தரை விளக்க நீயே அணைச்சுடு நைனா. என் கையால ஆவாது."

அணைத்தேன். மறுபடி தறி ஓட ஆரம்பித்திருந்தது, மற்ற விளக்குகளும் மங்கிவிட்டன. "வெளிச்சம் பத்தல. அஞ்சு எண்ணற வரைக்கும் அசையாத கண்ணு. அசைஞ்சா காலு கலைஞ்சுடும். ரோல்ல இதான் கடைசி."

எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பதற்றம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். "நாலுகு... ஐது." கமலாவின் கால் விரல்கள் துணியை அழுத்திக்கொண்டிருந்தன. அவள் அசையவில்லை.

முழுக்கக் காயாத படத்தைத் தாளில் வைத்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் வந்து நின்றிருந்தது. தாய்மாமா முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தார். கீழே விழுந்திருந்த நிழலில் விரலை வைத்தார்.

"நல்லா ஊனி நிக்கறா தம்பி. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரோம்."

நைனாவிடம் சொல்லப் போனபோது அவர் ஸ்டூடியோவில் தனியாக இருந்தார். "நெழலு எம்மாம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நாலு விரல் அகலம் இருக்கும்."

மேசையில் அந்த முதல் நெகட்டிவும் அதன் படமும் இருந்தன. கத்திரிக்கோலை எடுத்து நெகட்டிவை இரண்டாக, நாலாக வெட்டினார். படத்தையும் கிழித்தார். நான் தடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் நைனா. இத ஷோகேஸ்ல வெக்காம என்னால இருக்க முடியாது. வெச்சா ஊரு பாக்கும், பழைய பேச்ச எடுக்கும். வேற யாரயாவது நிக்க வெச்சு எடுத்துக்கறேன்."

அப்படி ஒரு படம் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை. வருஷத்துக்கு வருஷம் தறிகள் பெருகின, ஒரு மணிக்கும் பல்பு அழ ஆரம்பித்தது. கடையை மூடுகிறவரை தரை விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒருநாள்கூட அந்த நெகட்டிவைப் பற்றிப் பேசவில்லை.

அரக்கோணத்தில் கமலா வீட்டுக் கூடத்தில் அந்த இரண்டாவது படம் மாட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அவள் காலடியில் நாலு விரல் அகலத்துக்குக் கிடக்கிற நெழலு நைனாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.