ஸ்கேல் நைனாவும் மூன்று கிலோ வஞ்சிரமும்

வங்காள விரிகுடாவுக்கு இதுவரை வாய்த்த காவலர்களிலேயே, கடலுக்கு மிகத் தொலைவில் குடியிருந்து அதைக் காவல் காத்தவர் ஸ்கேல் நைனா ஒருவர்தான். கப்பல்படை கிழக்கே தண்ணீரில் நின்றது. நைனா மேற்கே, ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைத் தெருவில் நின்றார். நடுவில் அண்ணனூர், அம்பத்தூர், வில்லிவாக்கம் என்று ஒரு மணி நேர மின்சார ரயில் தூரம். அவ்வளவு தூரத்திலும், கடலில் ஒரு மீன் காலமில்லாத காலத்தில் செத்தால் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தொழில் மீன் வியாபாரம். ஒரு மொபெட், அதன் பின்னால் ரப்பர் டியூப் போட்டு இறுக்கிக் கட்டிய ஐஸ் பெட்டி, சட்டைக் காலருக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிய ஒரு மர ஸ்கேல். அது அவர் மகள் மேகலா ஐந்தாம் வகுப்பில் வைத்திருந்தது. அவள் பெயர் அதில் பேனா மையில் பாதி அழிந்து, செதில் ஒட்டிக் கிடக்கும். அவர் எல்லோரையும் நைனா என்று கூப்பிட்டார், எல்லோரும் அவரைத் திருப்பி நைனா என்று கூப்பிட்டார்கள். என்னை மட்டும் சார் என்பார். அதில் மரியாதையைவிடச் சந்தேகம்தான் அதிகம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மற்ற மீன்காரர்கள் மீனை விற்க வருவார்கள். நைனா மீனை யாருக்கெல்லாம் விற்கக்கூடாது என்று பார்க்க வருவார். காசிமேட்டிலிருந்து வந்த கூடையில் சின்ன வஞ்சிரம் ஒன்று கலந்திருந்தால், காலரிலிருந்து ஸ்கேலை உருவி அதன் பக்கத்தில் வைத்து அளப்பார். ஸ்கேல் நீளம் வரவில்லையென்றால் அது பச்சைக் குழந்தை. பெட்டியின் அடிக்குப் போய்விடும். கெஞ்சினாலும் கிடைக்காது.

“அதான் செத்துப்போச்சே நைனா, குடேன்” என்று ஒருமுறை கேட்டேன்.

“இத்த நீ வாங்கினா, நாளிக்கு இத்தவிடச் சின்னது புடிப்பானுங்க சார். கேக்கறவன் கீறான்னுதானே வலைய வீசறான்?”

“அப்போ நெத்திலி? அது விரல் நீளம்தானே?”

“நெத்திலி பொறக்கும்போதே கெழவன் சார். அது கணக்கு வேற.”

வீட்டுக்கு ஒரு கிலோ என்பது அவர் போட்ட உச்சவரம்பு. விருந்தாளி வந்தால் விருந்தாளியைக் கீழே கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்த மென்பொருள் இளைஞர் ஒருவர், விவரம் தெரியாமல் மூன்று கிலோ கேட்டுவிட்டார். நைனா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு பேருக்கு மூணு கிலோ இன்னாத்துக்கு நைனா? ஊட்ல திமிங்கலம் வளக்கறியா?” அந்த இளைஞர் அதற்குப் பிறகு பல நாள் கோழி சாப்பிட்டார்.

இதெல்லாம் சாதாரண நாட்களில். சித்திரை பிறந்த கையோடு கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டப்பட்டு, கடல் அறுபத்தொரு நாள் தன் பிள்ளைகளோடு தனியாக இருக்கும். அன்று காலை நைனா ஐஸ் பெட்டியைக் கழுவி வாசலில் கவிழ்த்துவைப்பார். கொடிமரத்தில் கொடி இறங்கியதுபோல் தெரு அமைதியாகிவிடும். மறுநாள் அதே மொபெட்டில் வெள்ளரிப்பிஞ்சு வரும். ஸ்கேல் மட்டும் காலரிலேயே இருக்கும். வெள்ளரியை அளக்க மாட்டார். எங்களை அளப்பார்.

எந்த அடுப்படியின் ஜன்னலுக்குக் கீழும் மொபெட் ஒரு நிமிடம் நிற்கும். முகம் மேலே உயரும். மூக்கு இரண்டு தரம் அசையும். காற்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, செல்போன் செயலியில் ரகசியமாக வஞ்சிரம் வரவழைத்து, ஜன்னலைச் சாத்தி, வெளியேற்றும் விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிய என் மனைவி வறுத்துக்கொண்டிருந்தாள். முதல் துண்டை நான் ருசி பார்த்து முடிக்கவும் அழைப்பு மணி அடித்தது. கையில் வெள்ளரியோடு நைனா.

“இன்னா சார், ஊட்ல ஸ்பெசலா?”

“உருளைக்கிழங்கு வறுவல், நைனா.”

அவர் என் உதட்டோரத்தைப் பார்த்தார். “உருளக்கெழங்குக்கு எப்போதிலர்ந்து சார் முள்ளு மொளச்சுது?”

துடைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுச் செல்வராசு அண்ணாச்சி என் உதவிக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு எங்கள் மாடிக்கு வந்தவர். மீன் விஷயத்தில் எனக்குக் கூட்டாளி. அன்றும் பாதி வஞ்சிரம் அவருடையது.

“ஏவே நைனா, மேக்குக் கடலுக்கு இப்பம் தடை கெடையாது. இது கொச்சி மீனு. சட்டப்படி சரியாத்தான் இருக்கு.”

“மீனு உன்கிட்ட ஆதார் கார்டு காட்டிச்சா அண்ணாத்தே?”

சட்டம் அண்ணாச்சி பக்கம் இருந்தது. நியாயம் வெள்ளரியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது.

இந்த மனிதருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒருநாள் ஏரிக்கரையில் கேட்டேன். நாரை ஒன்று குஞ்சு மீனுக்காக ஒற்றைக்காலில் நின்றிருந்தது. நைனா அதை மட்டும் எதுவும் சொல்லவில்லை.

“லாஞ்சு போட்டுல கூலி ஆளா கீறப்போ, ஒரு தபா வலைய இழுத்தோம் சார். தளத்துல கால் வெக்க எடமில்ல. பூரா விரல் நீளம். குஞ்சு. ஓனரு திரும்பக் கொட்டுன்னாரு. கொட்டினோம். ஒண்ணுகூட நீந்தல சார். வெள்ளையா மெதந்துகினு, போட்டு கூடவே வந்துச்சு. அத்தோட எறங்கிட்டேன். தனத்தோட அம்மா ஊடு இங்க. கடலு கண்ணுல படாத எடம்னு வந்தேன். வேற தொழில் தெரிலயே, அதான் மறுபடியும் மீனு.”

தனம் அவர் மனைவி. எங்கள் கதையின் பாவப்பட்ட பாத்திரம். மேகலாவுக்கு வரன் வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. பையன் காசிமேடு. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. பையனும் மேகலாவும் வேலப்பன்சாவடியில் ஒரே கல்லூரியில் படித்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், நான்கு வருடம் வீட்டில் சொல்லப் பயந்து, கடைசியில் சொல்லியிருந்தார்கள். பூ வைக்க அவர்கள் குறித்த நாள் தடைக்காலத்தின் நட்டநடுவில் விழுந்தது.

தனம் என் மனைவியிடம் வந்து அழுதாள். “மாப்ள ஊட்டுக்காரங்க மொத மொத கை நனைக்க வர்றாங்கக்கா. மீன்காரன் ஊட்ல மீனு இல்லன்னா காறித் துப்ப மாட்டாங்களா? இந்தாளு கருவாட்டுக் கொழம்பும் முட்டையும்தான்னு சொல்றாரு. பொண்ணு ராவெல்லாம் தூங்கல.”

கை நனைப்பது என்றால் சும்மா இல்லை. பெண் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். இலையைத் தொடாமல் எழுந்தால் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

“பாவம்ங்க” என்றாள் என் மனைவி. அந்த ஒரு சொல்லில் சதி பிறந்தது. நான் செயலியில் மூன்று கிலோ வஞ்சிரம் போட்டேன். அண்ணாச்சி மசாலா அரைத்தார். வறுவல் எங்கள் வீட்டில் தயாராகி, பின்பக்கச் சந்து வழியாகத் தனத்தின் அடுப்படிக்குப் போனது. நைனா வாசலில் சம்பந்தி வீட்டாருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்ததால் அவர் மூக்கு அன்று வேலை செய்யவில்லை. நாங்கள் மூவரும் நல்ல காரியம் செய்தவர்களின் முகத்தோடு பந்தியின் ஓரத்தில் நின்றோம்.

இலை போட்டார்கள். சோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. பின்னால் தனம் தாம்பாளத்தோடு வந்து, சம்பந்தியின் இலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வஞ்சிரத் துண்டை வைத்தாள்.

சம்பந்தி சோற்றுக்குக் கொண்டுபோன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கறுத்து, கயிறு முறுக்கியதுபோன்ற கை. அது தொடைமேல் போய் உட்கார்ந்துவிட்டது.

“இது இன்னா?”

தனம் தாம்பாளத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“எம் போட்டு கட்டிக் கீது. ஊரு போட்டு அத்தினியும் கட்டிக் கீது. எங்க ஆளுங்க ஒரு மாசமா கருவாடு துன்னுகினு கீறாங்க. நான் இங்க வந்து பச்ச மீனு துன்னுட்டு, எந்த மூஞ்ச வெச்சிகினு போட்டு கட்ற வார்ஃபுல போய் நிப்பேன்?” அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “மீனு விக்கறவரு, ஆனா தடையில மீனத் தொடமாட்டாருன்னாங்க. அதக் கேட்டுதான் இந்த ஊட்ல பொண்ணு எடுக்கலாம்னு பையன்கிட்ட தலயாட்டினேன்.”

உள்ளறைக் கதவிடுக்கில் மேகலாவின் பாதி முகம் தெரிந்தது. மாப்பிள்ளைப் பையன் இலையைப் பார்த்தபடி கல்லாகியிருந்தான்.

நைனா குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு தனத்தை. பிறகு, பந்தி ஓரத்தில் மசாலா விரல்களை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியை. கடைசியாக என்னை. அந்த மூக்கு இரண்டு தரம் அசைந்தது.

காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர், “என் ஊட்டு எலையில கீது சம்மந்தி. நான்தான் பதில் சொல்லணும்” என்றார். அவ்வளவுதான். அவர் வாழ்நாளெல்லாம் காத்த பெயரை ஒரு துண்டு வறுவலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை கட்டி நின்றார்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “நான் வாங்கினது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். செயலி, சந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி நடுவில் “கொச்சி மீனுதான்” என்று ஆரம்பித்து, என் மனைவியின் முழங்கை பட்டு நிறுத்திக்கொண்டார்.

சம்பந்தி என்னைக் காட்டி நைனாவிடம் கேட்டார். “இவரு யாரு?”

“கஸ்டமரு.”

“கஸ்டமரு மீன்காரனுக்கு மீனு வாங்கித் தர்றாரா?”

“இந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான் சம்மந்தி. நான் ஒயுங்கா விக்கறதில்ல, பாவம்.”

சம்பந்தியின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள். பிறகு மொத்தப் பந்தியும் சிரித்தது. அவர் வஞ்சிரத்தை முட்டை ஓட்டைப்போல ஓரமாக ஒதுக்கி, கருவாட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு, சோற்றில் கையை வைத்தார். கதவிடுக்கில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

நைனா எங்களை விடவில்லை. தாம்பாளத்தை எடுத்துவந்து எங்கள் மூவர் முன்னால் வைத்தார். “செத்த மீனக் குப்பையில போடக்கூடாது சார். துன்னுங்க.” சோறு கிடையாது. மூன்று கிலோ. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க, நின்றபடியே தின்றோம். ஏழாவது துண்டில் அண்ணாச்சி, “இனிமே சைவம்வே” என்று என் காதில் சொன்னார். பத்தாவது துண்டில் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு நினைவு வந்தது. நைனா ஸ்கேலை உருவி, தட்டில் மிச்சமிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடம் பேரப்பிள்ளை பிறந்ததும் தனமும் அவரும் காசிமேட்டுக்கே போய்விட்டார்கள். கண்ணில் படாத தூரத்துக்கு ஓடிவந்தவரைக் கடல் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது சம்பந்தியின் படகு கரைக்கு வந்ததும் முதலில் ஏறுவது ஸ்கேல்தானாம். சம்பந்தி பயந்து, வலைக்கண்ணைப் பெரிதாக்கிவிட்டாராம்.

எங்கள் தெருவுக்கு வேறொருவர் மீன் கொண்டுவருகிறார். நல்லவர். எதைக் கேட்டாலும், எத்தனை கிலோ கேட்டாலும் தருகிறார். சித்திரை பிறந்தால் நான் குளிர்பெட்டியைக் காலிசெய்து துடைத்துவிடுகிறேன். அறுபத்தொரு நாளும் அடுப்படி ஜன்னலை அகலத் திறந்தே வைக்கிறேன். ஒருவேளை நைனா இந்தப் பக்கம் வந்தால், நின்று மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.